ஒரு வக்கீலுக்குப் பெயர் வந்த கதை



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். வக்கீலாகி மூன்று வருடம் ஆகிறது. "சார், கட்சிக்காரர்களே வருவதில்லை. பணம் கொடுத்தால் இணையத்தில் என்னைப் பெரிய ஆளாகக் காட்டுவதாக ஒருவர் சொல்கிறார்" என்றார். விளம்பரம் செய்து வழக்குத் தேடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 36. "தெரியும் சார், ஆனால் வாடகை கட்டணுமே" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்து இப்போது எழுதுகிறேன்.

1891இல் பாரிஸ்டராகி பம்பாய்க்கு வந்த காந்திக்கும் இதே நிலைதான். முதல் வழக்குக்கு 30 ரூபாய் ஃபீஸ். தரகருக்குக் கமிஷன் தர மறுத்துவிட்டார். ஆனால் குறுக்கு விசாரணைக்கு எழுந்தபோது வாயே வரவில்லை. வழக்கை வேறு வக்கீலிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார்.

1893இல் தென்னாப்பிரிக்கா போனார். வணிகர் தாதா அப்துல்லா தம் உறவினர் தயப் சேட் மீது போட்டிருந்த வழக்கு அது. மதிப்பு 40,000 பவுண்டு. நீதிமன்றத்தில் இழுத்தால் இருவருமே அழிவார்கள் என்று கண்டு, மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார். தீர்ப்பு அப்துல்லாவுக்குச் சாதகமாக வந்தது. மொத்தமாகக் கட்டினால் தயப் சேட் திவாலாகிவிடுவார் என்பதால், தவணையில் வாங்கிக்கொள்ளும்படி தம் கட்சிக்காரரிடமே மன்றாடினார்.

மறு ஆண்டு டர்பனில் தங்க முடிவு செய்தபோது, பொதுப்பணிக்குச் சம்பளம் வேண்டாம், வக்கீல் வேலை கொடுங்கள் என்றார். சுமார் இருபது வணிகர்கள் ஓராண்டுக்கு முன்பணம் கொடுத்து அவரை வக்கீலாக அமர்த்தினார்கள். வாடகைக்கு வழி அப்படித்தான் பிறந்தது.

பெயர் வந்தது இன்னொருவரால். பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி, கிழிந்த துணியோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு வந்து நின்றார். வெள்ளைக்கார முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. காந்திக்குத் தமிழ் தெரியாது. தமிழரான அவருடைய குமாஸ்தாதான் விவரம் சொன்னார். முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. மருத்துவரிடம் அனுப்பிச் சான்று வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். முதலாளியைத் தண்டிப்பது அவர் நோக்கமல்ல. பாலசுந்தரத்தை அந்த இடத்திலிருந்து விடுவித்து, வேறு முதலாளியிடம் சேர்த்தார்.

அதன்பின் கூலித் தொழிலாளர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். 1896இல் சென்னையில் பேசியபோது, கூட்டத்தை மிகவும் உருக்கியது பாலசுந்தரம் கதைதான் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு கூலியின் கண்ணீர் கடல் தாண்டி வந்து ஒரு வக்கீலை நம் ஊருக்கு அறிமுகப்படுத்தியது.

இத்தனை வருடம் வகுப்பில் ரயிலிலிருந்து அவரைத் தள்ளிய கதையை மட்டும் நடத்தினேன். பாலசுந்தரத்தை ஒருநாளும் சொல்லவில்லை. அது என் குறைதான்.

தம்பி, அந்தப் பணத்தைக் கொடுக்காதே. இப்போது கையில் இருக்கும் ஒரே கட்சிக்காரருக்கு எது நல்லதோ அதைச் செய். வாடகை இந்த மாதம் இடித்தால், கூச்சப்படாமல் எனக்குப் போன் போடு.