சதுரக் காசு காட்டும் வரலாறு

நாணய ஆராய்ச்சி என்றவுடன் தமிழ் கற்றோர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவன, மீன் பொறித்த பாண்டியர் காசுகளும் கொங்கு நாட்டு மண்ணில் கிடைத்த உரோம நாணயங்களுமே. அவற்றின் சிறப்பை மறுப்பார் இலர். ஆயினும், வரலாறு பழங்காசில் மட்டுமே உறைகின்றது என்று எண்ணுவது பிழை. மளிகைக் கடையில் மீதிச் சில்லறையாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட காசும் ஒரு வரலாற்று ஆவணமே. அது பெருந்தொகையாக அடிக்கப்பட்டது. எல்லார் கையிலும் புழங்கியது. அக்காரணத்தாலேயே எவரும் அதனை உற்று நோக்கவில்லை.

அரிய நாணயத்திற்குக் காவலர் பலர். பொதுக் காசுக்குக் காவலர் இல்லை. சிறப்பு நிகழ்ச்சிகளை முன்னிட்டு வெளியிடப்படும் நினைவு நாணயங்கள், வெளிவந்த நாளிலேயே பேழைக்குள் புகுந்து, ஒரு கீறலுமின்றிப் பல்லாண்டு வாழ்கின்றன. அன்றாடக் காசோ கைமாறிக் கைமாறித் தேய்ந்து, இறுதியில் திரும்பப் பெறப்பட்டு உருக்கப்படுகின்றது. ஆகவே, ஒரு தலைமுறை கழித்துத் தேடும்போது, மிகுதியாக அடிக்கப்பட்ட காசின் தேயாத படி கிடைப்பதே அருமையாகிவிடுகின்றது. எண்ணிக்கை மிகுந்தது நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. எவரேனும் ஒருவர் எண்ணிப் பார்த்து எடுத்து வைத்ததே நிலைக்கும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கிய ஒரு காசு நாணயத்தின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

வெள்ளியும் காசும்

இந்நாடுகளில் வாழும் தமிழர் டாலரை ‘வெள்ளி’ என்றும் சென்டைக் ‘காசு’ என்றும் வழங்குவர். மலேசியாவில் ரிங்கிட், சென் என்னும் பெயர்கள் சட்டப்படி நிலைபெற்ற பின்னரும் பேச்சில் இவ்வழக்கு மாறவில்லை. இது காரணப் பெயரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதித் துறைமுகங்களில் புழங்கிய ஸ்பானிய, மெக்சிக்க டாலர்கள் மெய்யாகவே வெள்ளியால் ஆனவை. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி டாலர் அடிக்கப்பட்டபோது, அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி இருந்தது. 1907இல் அதன் எடை குறைந்தது. 1919இல் பாதிப் பங்கே வெள்ளி என்னும் நிலை வந்தது. இன்று புழங்கும் நாணயத்தில் வெள்ளி சிறிதும் இல்லை. சொல்லில் மட்டும் எஞ்சி நிற்கின்றது.

காசின் தொடக்கம் செம்பு. சிங்கப்பூர் வணிகர்கள் இங்கிலாந்தில் அடித்து வரவழைத்த, சேவல் உருவம் பொறித்த செப்பு வில்லைகள் 1830களில் சிறு கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்பட்டன. அவற்றின்பின் 1845ஆம் ஆண்டு பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு காசு, அரைக் காசு, கால் காசு ஆகியவை வந்தன. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய ஆட்சியினின்று பிரிந்து, நேரே பிரிட்டிஷ் முடியின் கீழ்ச் சென்றன. ஐந்தாண்டுக்குள், 1872இல், அக்குடியேற்றங்களின் பெயரையே தாங்கிய செப்புக் காசு வெளியாயிற்று. கம்பெனிக் காசும் சரி, இதுவும் சரி, வட்டமானவை. ஒவ்வொன்றும் 9 கிராமுக்கு மேற்பட்ட எடையுடையவை.

சதுரம் பிறந்த காலம்

முதல் உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1916இல் அரைக் காசு சதுர வடிவம் பெற்றது. போர் முடிந்த மறு ஆண்டாகிய 1919இல் ஒரு காசும் சதுரமாயிற்று. வெண்கலத்தால் ஆகி, மூலைகள் மழுங்கி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த இப்புதுக் காசு 6 கிராமும் நிறையாதது. பழைய வட்டக் காசின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதே காலத்தில் வெள்ளியின் விலையும் உலகெங்கும் ஏறிற்று. பத்துக் காசில் நூற்றுக்கு அறுபது பங்காக இருந்த வெள்ளி 1918இல் நாற்பதாகக் குறைந்தது. 1920இல் ஐந்து காசு ஒன்று செம்பும் நிக்கலும் கலந்தே அடிக்கப்பட்டது. பின்னர் 1926இல் வெள்ளி மீண்டும் அறுபது பங்காயிற்று. போரின் சுமையை நூல்களில் படிப்போர் பலர். அது பத்துக் காசின் உள்ளேயும் எழுதப்பட்டிருக்கின்றது.

இக்காசு உழைப்பாளர் வாழ்க்கையின் அளவுகோலாகவும் இருந்தது. தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி அக்காலத்தில் வெள்ளிக் கணக்கில் பேசப்பட்டதன்று; காசுக் கணக்கில் பேசப்பட்டது. 1920களின் பிற்பகுதியில் சில மாவட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நியமக் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அத்தகைய வாழ்வில் ஒரு காசு என்பது அற்பமன்று. எண்ணிச் செலவிட வேண்டிய பொருள். இன்று கையில் கிடைக்கும் சதுரக் காசில் மன்னர் தலை தேய்ந்து மழுங்கியிருக்குமாயின், அது எத்தனை கைகள் எண்ணியதன் அடையாளம் என்பதை நினைத்தல் வேண்டும்.

போர் எழுதிய குறிப்பு

1939ஆம் ஆண்டு பொறித்த நாணயங்களில் ‘மலாயா’ என்னும் பெயர் இடம்பெற்றது. நீரிணைக் குடியேற்றங்கள், மலாய் மாநிலங்கள், புருணை ஆகிய யாவற்றுக்கும் ஒரே நாணய ஆணையர் குழு ஏற்பட்டதன் விளைவு அது. அரசியலில் மலாயா ஒன்றுபடுமுன் காசில் ஒன்றுபட்டுவிட்டது எனலாம். சதுரக் காசு இப்போது ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலையுடன் தொடர்ந்தது.

இவ்வரிசையில் 1943 என்ற ஆண்டு பொறித்த காசை எடுத்து நோக்குவோர் வியப்படைவர். 1942 பிப்ரவரி முதல் 1945 வரை மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தன. அவர்கள் ஒரு காசுக்கும் தாளையே வெளியிட்டனர். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தமையால் மக்கள் அப்பணத்தை வாழைமரத் தாள் என்றே வழங்கினர். அந்நிலையில் பிரிட்டிஷ் மன்னர் தலை தாங்கிய மலாயாக் காசு 1943இல் எங்ஙனம் தோன்றிற்று? தம் கையைவிட்டுப் போன நாட்டுக்கெனப் பிரிட்டிஷார் முன்கூட்டியே அடித்து வைத்த காசு அது. முன்னையதைவிடச் சிறிது, எடையும் குறைவு. ஆட்சி மீண்டபின் வாழைமரத் தாள் மதிப்பிழந்தது. சிறிய சதுரக் காசு புழக்கத்திற்கு வந்தது.

இன்னொரு சான்று அதனினும் நுட்பமானது. 1945ஆம் ஆண்டுப் பத்துக் காசையும் 1948ஆம் ஆண்டுப் பத்துக் காசையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். முன்னதில் பாதி வெள்ளி; பின்னதில் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலுமே. முன்னதில் ஆறாம் ஜார்ஜ், ‘மன்னரும் இந்தியாவின் பேரரசரும்’ என்று குறிக்கப்படுகின்றார். பின்னதில் மன்னர் என்ற அளவில் நின்றுவிடுகின்றார். 1947 ஆகஸ்டு 15இல் இந்தியா பெற்ற விடுதலை, மலாயாவின் பத்துக் காசிலிருந்து இரு சொற்களை நீக்கிவிட்டது! அன்று தோட்டத்திலும் துறைமுகத்திலும் அக்காசை வாங்கிய தமிழர் எத்தனை பேர் இதனைக் கண்டிருப்பர்?

அரசியாரும் குறுவாளும்

1952 முதல் மலாயாவுக்கும் பிரிட்டிஷ் போர்னியோவுக்கும் பொதுவான நாணயக் குழு இயங்கியது. இரண்டாம் எலிசபெத் அரசியார் முடிசூடிய தலையுடன் கூடிய சதுரக் காசு 1956இல் வந்தது. 1957 ஆகஸ்டு 31இல் மலாயா விடுதலை பெற்றது. ஆயினும் 1958, 1961 ஆகிய ஆண்டுகள் பொறித்த காசுகளிலும் அரசியாரே விளங்கினார். கொடி ஒரே நள்ளிரவில் மாறிவிடும். சில்லறை மெதுவாகவே மாறும். 1962இல் வந்த காசில்தான் அரசியார் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக அமைந்த இரு கிரிஸ் வாள்கள் இருந்தன. அத்துடன் சதுரமும் மறைந்தது. வட்டமான அப்புதுக் காசின் எடை 2 கிராமுக்கும் குறைவு. ஒரு நூற்றாண்டில் ஒன்பது கிராம் இரண்டாகச் சுருங்கியது. பணத்தின் மதிப்பு காலப்போக்கில் குறையும் என்னும் பொருளியல் உண்மையை மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய கருவி இல்லை; நான்கு காசுகளும் ஒரு தராசும் போதும்.

இக்காலத்து ஐந்து, பத்துக் காசுகளில் சிலவற்றில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்தும், சிலவற்றில் ‘கே, என்’ என்ற எழுத்துகளும் மிகச் சிறியனவாகக் காணப்படும். இவை பர்மிங்காம் நகரத்து ஹீட்டன் சாலையையும் கிங்ஸ் நார்ட்டன் சாலையையும் குறிப்பன. மற்றவை இலண்டன் அரசு நாணயச் சாலையில் அடிக்கப்பட்டவை. 1957 என்னும் ஒரே ஆண்டு பொறித்த பத்துக் காசுகளை எழுத்துகளைக் கொண்டு பிரித்து வைப்பதே பொதுக் காசு சேர்ப்போரின் பழக்கம். பெரும் பொருட்செலவின்றிக் கூரிய கண்ணால் பெறும் இன்பம் இது.

இரு நாடுகள், இரு காசுகள்

1965இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1967 ஜூன் 12இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தத்தம் நாணயத்தை வெளியிட்டன. மலேசியா தன் ஒரு காசில் நாடாளுமன்றக் கட்டடத்தைப் பொறித்தது. சிங்கப்பூர் தன் ஒரு காசில் அடுக்குமாடி வீடுகளைப் பொறித்தது. மக்களாட்சி எங்கள் பெருமை என்றது ஒன்று. குடிமக்களுக்கு வீடு எங்கள் பணி என்றது மற்றொன்று. இவ்விரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று சமமாக ஏற்கப்பட்ட முறை 1973 மே மாதம் வரை நீடித்தது.

பின்னர், 1985இல் தொடங்கிய சிங்கப்பூர் நாணய வரிசையில், அரசுச் சின்னத்தைச் சூழ நாட்டின் பெயர் நான்கு ஆட்சி மொழிகளிலும் பொறிக்கப்பட்டது. அவற்றுள் தமிழும் ஒன்று. ‘சிங்கப்பூர்’ என்னும் சொல் மிகச் சிறிய ஒரு காசிலும் இடம்பெற்றது. ஐம்பது காசுக் கூலிக்கு உழைத்தோர் கையில் புழங்கிய எந்தக் காசிலும் அவர்தம் எழுத்து இருந்ததில்லை. அவ்வகையில் இது சிறு செய்தியன்று.

தகர டப்பாவில் எஞ்சியவை

அந்த ஒரு காசும் இன்று விடைபெற்றுவிட்டது. சிங்கப்பூர் 2002இல் அதன் வெளியீட்டை நிறுத்திற்று. மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி விலைப் பட்டியலின் மொத்தத் தொகை ஐந்து காசுக்குத் திருத்தப்படுகின்றது. 2012இல் புழக்கத்துக்கு வந்த புதிய வரிசையில் ஒரு காசே இல்லை. எஞ்சியவை வீடுகளில் பிஸ்கட் டப்பாக்களிலும் மேசை அறைகளிலும் கிடக்கின்றன. வீடு மாறும்போதோ பெரியோர் மறையும்போதோ அவை எண்ணப்படாமலே எறியப்படுகின்றன.

இவற்றைக் காத்தல் கடினமன்று. ஆண்டு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித் தாளுறையில் இட்டு, எங்கு, எவரிடமிருந்து கிடைத்தது என்பதை எழுதி வைத்தால் போதும். ஒன்று மட்டும் கூடாது: செப்புப் பாத்திரம் போலக் காசைப் புளியிட்டு விளக்குதல் கூடாது. காலம் படியவிட்ட கருநிறப் படலமே அதன் காப்பு. பளபளப்பாக்கிய காசு தன் மேற்பரப்பை இழந்துவிடும்.

தமிழாசிரியர்கள் தம் மாணவரை, வீட்டில் உள்ள பழங்காசுகளைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுக் கொணரச் சொல்லலாம். காசுடன் ஒரு கதையும் வந்து சேரும். அந்தக் காசு முதன்முதலில் எதை வாங்கியது, எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் என்பதைச் சொல்ல வல்லோர் இன்னும் சிலரேனும் உளர். காசு உலோகம், பல்லாண்டு கிடக்கும். கதை சொல்வோர் அவ்வாறு கிடப்பதில்லை.