புது நாய்க்குட்டியின் முதல் இரவுகள்: அழுகையை எப்படிச் சமாளிப்பது?

நாய்க்குட்டி வீட்டுக்கு வரும் நாள், பகலில் ஒரு குறையும் இருக்காது. பிள்ளைகள் பள்ளிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள். டைகரா, ஜிம்மியா, கருப்பனா என்று பெயர் வைப்பதில் சண்டை நடக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டியும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். இரவு விளக்கை அணைத்த பிறகுதான் கதை மாறும். முதலில் ஒரு முனகல், பிறகு கீச்சென்ற குரல், அதற்கும் பிறகு தெருவையே எழுப்பும் ஊளை.

முதல் இரவு எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாம் இரவு அப்பா எழுந்து அதட்டுவார். மூன்றாம் இரவு, விடிந்தால் வேலைக்குப் போகவேண்டியவர்கள் இருக்கிற வீட்டில், "கொண்டுபோய் எங்காவது விட்டுவிடலாம்" என்ற பேச்சு வந்துவிடும். சந்தைக்குப் பின்னாலும் செம்பனைத் தோட்டத்து ஓரத்திலும் அட்டைப் பெட்டியோடு கிடக்கும் குட்டிகளில் சில இப்படிப்பட்ட பேச்சின் முடிவுதான். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது குற்றம். விஷயம் அதுவரை போகவேண்டியதில்லை. பெரும்பாலான குட்டிகளின் இரவு அழுகை ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மோசமானவை முதல் மூன்று நான்கு இரவுகள்தாம்.

ஏன் அழுகிறது?

நேற்றுவரை அந்தக் குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டி, கூடப்பிறந்தவற்றின் மேலும் கீழுமாகக் குவிந்து தூங்கியது. தனியாகப் படுப்பது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. கூட்டத்தை விட்டு விலகிப்போன குட்டி கத்தும். சத்தம் கேட்டுத் தாய் வரும். பிறவியிலேயே அதற்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். புது வீட்டிலும் அதையே செய்கிறது. எனவே இதைப் பிடிவாதம் என்றோ, செல்லம் கொடுத்ததால் வந்த வினை என்றோ எடுத்துக்கொள்வது தவறு. ஒரே நாளில் எப்படிச் செல்லம் ஏறும்?

வயதும் ஒரு காரணம். குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க குறைந்தது 8 வாரம் ஆகவேண்டும். ஆனால் தோட்டப்புறங்களில் தாய்க்குப் பால் வற்றிவிட்டது என்றோ, ஏழெட்டுக் குட்டிகளை வைத்துச் சமாளிக்க முடியவில்லை என்றோ 4, 5 வாரத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். அப்படி வந்த குட்டி இரவில் கூடுதலாகவே அழும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்தவற்றோடு விளையாடிக் கற்கும் வாய்ப்பையும் அது இழந்துவிடும். அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஒரு நாய் மனிதரோடும் பிற நாய்களோடும் பழகும் விதத்துக்கு அடித்தளம் விழுவது ஏறக்குறைய 3ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம்வரை என்பது அவர்களுடைய முடிவு. புதுக்குட்டி நம் வீட்டில் கழிக்கும் முதல் இரவுகள் அந்தக் காலத்துக்குள்தான் வருகின்றன.

அழட்டும் என்று விடலாமா?

"கண்டுகொள்ளாதே, அழுது ஓயட்டும்" என்பது நம்மிடம் பழைய அறிவுரை. விட்டால் குட்டி ஓயத்தான் செய்யும். ஆனால் அது பழகிப்போனதால் வந்த அமைதி அல்ல, களைப்பு. மறுநாள் இருட்டியதும் பயம் திரும்ப வரும். தனிமை என்றாலே பதறும் நாயாக அது வளர்ந்துவிடும் வாய்ப்பும் உண்டு. பெரிய நாயான பிறகு, வீட்டார் வெளியே போனால் கதவைப் பிறாண்டிக் குரைக்கும் தொல்லையைச் சரிசெய்வது இந்தச் சில இரவுகளைக் கடப்பதைவிடக் கடினம்.

அதற்காக, முனகும்போதெல்லாம் விளக்கைப் போட்டு, தூக்கி வைத்துக் கொஞ்சி, வாயில் பிஸ்கட் வைப்பதும் கூடாது. கத்தினால் விருந்து என்று இரண்டே இரவில் கற்றுக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. குட்டி பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் ஆர்ப்பாட்டம் வேண்டாம். கட்டிலுக்கு அருகே தரையில் அதன் பெட்டியை வைத்து, முனகினால் கையைக் கீழே நீட்டி மோந்துபார்க்க விட்டால் போதும். பேசக்கூட வேண்டியதில்லை. முதல் வாரம் இப்படிப் போன பிறகு, சில நாளைக்கு ஒருமுறை பெட்டியைச் சில அடி தள்ளி வைத்துக்கொண்டே போகலாம். அறை வாசல், பிறகு வரவேற்பறை, பிறகு அது நிரந்தரமாகப் படுக்கப்போகும் இடம்.

நாயைப் படுக்கையறைக்குள் விடாத வீடுகள் நம்மிடையே நிறைய. சாமி அறை இருக்கிறது, பெரியவர்களுக்குப் பிடிக்காது, குழந்தைக்கு இழுப்பு என்று காரணங்கள் பல. அந்த வீடுகளில் வழி எதிர்ப்பக்கமாகப் போகும். குட்டி பின்கட்டுச் சமையலறையில் படுக்கட்டும், வீட்டில் யாராவது ஒருவர் நான்கைந்து இரவுகள் அங்கே பாய் விரித்துப் படுக்கட்டும். பள்ளி விடுமுறையாக இருந்தால் இந்த வேலைக்குப் பிள்ளைகளே போட்டி போடுவார்கள்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. முதல் இரவே கார் நிறுத்தும் இடத்தில் சங்கிலியால் கட்டிப் போடுவது. பெரிய நாய்க்கு அது பழகியிருக்கலாம். 2 மாதக் குட்டிக்கு அது ஈரச் சிமெண்டுத் தரை, மழைச் சாரல், கொசுக்கடி. நாய்களின் உயிரைக் குடிக்கும் இதயப் புழு கொசுவின் மூலமாகத்தான் பரவுகிறது. தோட்டத்தில் என்றால் மலைப்பாம்பும் உண்டு. மழை இரவில் வாசலுக்கு வரும் தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளும் குட்டிகளும் உண்டு. அப்படி நடந்தால் உடனே ஈரத்துணியால் வாயையும் ஈறுகளையும் நன்றாகத் துடைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடவேண்டும்.

படுக்கைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. சற்று உயரமான அட்டைப் பெட்டி, அடியில் நாளிதழ், மேலே பழைய கைலி. கூண்டு வாங்குபவர்கள், குட்டி நின்று திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இடம் விட்டால் நல்லது. மிகப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து, மறு மூலையில் அசுத்தம் செய்யும். குட்டியை எடுக்கப் போகும்போதே ஒரு துணியைக் கொண்டுபோய்த் தாய் படுத்த இடத்தில் நன்றாகத் தேய்த்து எடுத்து வந்தால், அதைவிடச் சிறந்த மருந்து வேறு கிடையாது. அதைத் துவைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். துணியில் சுற்றிய கடிகாரத்தின் டிக் டிக் ஓசை தாயின் இதயத் துடிப்புபோல் இருக்கும் என்று சொல்வார்கள். எல்லாக் குட்டிக்கும் அது பலிப்பதில்லை, முயன்றால் நட்டமும் இல்லை. நம் வெப்பத்தில் சுடுநீர் போத்தல் பெரும்பாலும் தேவைப்படாது. குளிர்சாதனம் ஓடும் அறையிலோ அடைமழை இரவிலோ வைப்பதானால் துண்டில் தடிமனாகச் சுற்றி, குட்டி விலகிப் படுக்க இடம் விட்டு வைக்கவேண்டும்.

மாலையிலேயே தொடங்கும் வேலை

இரவுத் தூக்கம் மாலைச் சாப்பாட்டில் தொடங்குகிறது. கடைசி உணவை 7 மணி வாக்கில் கொடுத்துவிட வேண்டும். தண்ணீரை முழுக்க நிறுத்துவது நம் நாட்டு வெயிலுக்குச் சரிவராது. படுக்கப்போகும் நேரத்தில் கிண்ணம் நிறைய வைக்காமல் இருந்தால் போதும். 8, 9 மணிக்கு நன்றாக விளையாட விட்டு, படுக்குமுன் ஒருமுறை வெளியே கொண்டுபோய்ச் சிறுநீர் கழிக்கச் செய்யவேண்டும். பலரும் செய்யும் பிழை, மாலை முழுதும் குட்டியைத் தூங்க விட்டுவிட்டு இரவில் அதுவும் தூங்கும் என்று எதிர்பார்ப்பது.

இன்னொரு பிழை பால். தேநீருக்கு ஊற்றும் டின் பாலை நீர் கலந்து வைப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். பசும்பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பல குட்டிகளுக்குக் குறைவு. டின் பாலில் இனிப்பு வேறு. வயிற்றுப்போக்கு வந்தால் குட்டியும் தூங்காது, வீட்டாரும் தூங்க முடியாது. முந்தைய வீட்டில் என்ன சாப்பிட்டதோ அதையே முதல் வாரம் கொடுத்து, பிறகு மெல்ல மாற்றுவது நல்லது.

குட்டியால் எவ்வளவு நேரம் அடக்க முடியும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால் வரும் மணி நேரம். 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். அப்படியென்றால் 11 மணிக்குப் படுத்த குட்டி 2 மணிக்கு எழுப்பத்தான் செய்யும். அது அழுது எழுப்புவதற்கு முன்பே கடிகாரத்தில் மணி வைத்து எழுந்து, தூக்கிக்கொண்டு போய், தினமும் ஒரே இடத்தில் விடவேண்டும். விளக்கு, பேச்சு, விளையாட்டு எதுவும் வேண்டாம். முடித்ததும் திரும்பப் பெட்டிக்குள். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன்னே எழுந்துவிடுவதால் தோட்டத்து வீடுகளில் ஒருமுறை எழும் வேலை மிச்சம். 4 மாதத்தை நெருங்கும்போது பல குட்டிகள் இரவு முழுதும் தாங்கத் தொடங்கிவிடும்.

வீட்டுக்குள் ஈரம் செய்துவிட்டால் மூக்கை அதில் தேய்ப்பதும் நாளிதழைச் சுருட்டி அடிப்பதும் பயன் தராது. ஆள் பார்க்கும் இடத்தில் கழித்தால் அடி என்று மட்டும் அது புரிந்துகொள்ளும். அடுத்தமுறை சோபாவுக்குப் பின்னால் தேடவேண்டியிருக்கும். அந்த இடத்தை வினிகர் கலந்த நீரால் துடைத்து வாடையைப் போக்கினால் மீண்டும் அங்கே போவது குறையும்.

வெளியே என்று சொல்லும்போது தடுப்பூசியை மறக்கக்கூடாது. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் ஊசிகள் 16ஆம் வாரம்வரை தொடரவேண்டும். அவை முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் பொது இடத்தில் குட்டியை இறக்கிவிடக் கூடாது. பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். முன்பு வளர்த்த குட்டி இந்த நோயில் இறந்திருந்தால், அதே கூண்டையும் துணியையும் புதுக்குட்டிக்குக் கொடுப்பது அதை வலியக் கொல்வதற்குச் சமம். துணியை எரித்துவிட்டு, கூண்டையும் தரையையும் குளோராக்ஸ் போன்ற வெளுப்பான் கலந்த நீரால் கழுவவேண்டும்.

அழுகை வேறாக இருந்தால்

தனிமையில் அழும் குட்டி, ஆளைக் கண்டதும் வாலாட்டி அடங்கும். மடியில் வைத்தும் முனகல் நிற்காவிட்டால் வேறு காரணம் தேடவேண்டும். வயிறு உப்பி உடம்பு மெலிந்திருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, சாப்பிட மறுப்பது ஆகியவை பார்வோவின் அடையாளங்கள். விடியட்டும் என்று காத்திருக்கும் நோய் அல்ல அது. பொமரேனியன், சிவாவா போன்ற மிகச் சிறிய இனக் குட்டிகள் நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து தள்ளாடும், நடுங்கும். ஈறில் சிறிது தேன் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். வீட்டில் இருக்கும் பெனடோல் போன்ற மனித மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது.

பக்கத்து வீடு

லயத்து வீடானாலும் தாமான் வீடானாலும் சுவர் ஒன்றுதான். குட்டி வரும் நாளுக்கு முன்பே இரு பக்கத்து வீட்டாரிடமும் "ஒரு வாரம் கொஞ்சம் சத்தம் இருக்கும்" என்று சொல்லிவைத்தால் பாதிப் புகார் எழாது. இரவுப் பணி முடிந்து பகலில் தூங்குபவர், கைக்குழந்தை உள்ளவர், நாயைத் தொடுவதைத் தவிர்க்கும் முஸ்லிம் அண்டை வீட்டார் என்றால் இன்னும் கவனம் தேவை. குட்டியைப் பொதுச் சுவர்ப் பக்கம் படுக்க வைக்காமல், வேலிக்கு அப்பால் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலேசியாவில் நாய் உரிமத்தை அந்தந்த ஊராட்சி மன்றம் தருகிறது, எத்தனை நாய் வளர்க்கலாம் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். அடுக்குமாடியில் நிர்வாகக் குழுவின் விதியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் நாய்க்கு உரிமம் கட்டாயம். வீவக வீடுகளில் பொதுவாக அனுமதிக்கப்பட்ட சிறிய இனத்தில் ஒரு நாய்க்குத்தான் இடம். குட்டியைப் பார்த்து ஆசைப்பட்ட பிறகு இதைக் கேட்பதைவிட முன்பே கேட்பது நல்லது.

எந்த நாளில் கொண்டுவருவது என்பதையும் யோசிக்கவேண்டும். விடுமுறைக்கு முந்தைய நாள் காலையில் கொண்டுவந்தால், இருட்டுவதற்குள் வீட்டின் மூலைமுடுக்கை அது மோந்து பார்த்துவிடும். தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் முந்தைய வாரம் மட்டும் வேண்டாம். பட்டாசு ஓயும்வரை தாயோடு இருக்கட்டும் என்று கேட்டால் கொடுப்பவர்கள் மறுக்கமாட்டார்கள்.