பிரேம்சந்தின் இரட்டைத் தலைப்புகள்

பிரேம்சந்தின் நாவல்கள் பலவற்றுக்கு உருதுவில் ஒரு பெயர், ஹிந்தியில் ஒரு பெயர். ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பே என்று கருதுவோர் உளர். அரபுச் சொற்களோடு பழகிய நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

தன்பத் ராய் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 'நவாப் ராய்' என்ற பெயரில் 1908-இல் வெளியிட்ட 'ஸோஸே வதன்' கதைத் தொகுப்பை ஆங்கில அரசு ராஜத்துரோகம் என்றது, பிரதிகள் எரிக்கப்பட்டன. தாயகத்தைத் தலைப்பில் தாங்கிய அந்நூல் ஆசிரியரின் பெயரையே மாற்றிவிட்டது. அதன் பின்னரே அவர் பிரேம்சந்த் ஆனார்.

அடுத்து 'பாஸாரே ஹுஸ்ன்'. ஹுஸ்ன் எனில் அழகு; அழகு விலைபோகும் கடைத்தெரு என்பது பொருள். உருதுவில் பதிப்பாளர் எளிதிற் கிடைக்காமையால் ஹிந்தி வடிவமே 'ஸேவாசதன்' என்று முந்தி வந்தது. முதற்பெயர் சுமன் என்னும் பெண் வீழ்ந்த இடத்தைக் கூறும். இரண்டாவது, அவள் சென்றடைந்த தொண்டு இல்லத்தைக் கூறும். எஸ். அம்புஜம்மாள் தமிழில் தந்ததும், கே. சுப்பிரமணியம் 1938-இல் எம்.எஸ். சுப்புலட்சுமியைக் கொண்டு படமாக்கியதும் 'சேவாசதனம்' தான். கடைத்தெரு தமிழகம் வந்து சேரவில்லை!

1921 பிப்ரவரியில் கோரக்பூரில் காந்தியடிகளின் உரையைக் கேட்டபின் அரசுப் பள்ளிப் பணியைத் துறந்தார். உருதுவில் 'கோஷயே ஆஃபியத்' எனப்படும் நாவல் 1922-இல் ஹிந்தியில் 'பிரேமாசிரமம்' என வெளிவந்தது. நம் துஆக்களில் நாள்தோறும் வேண்டும் அதே ஆஃபியத்! ஆயினும் நலமாக ஒதுங்கியிருக்கும் மூலை எங்கே, ஊர்கூடி உழைக்கும் ஆசிரமம் எங்கே? காந்தியம் ஹிந்திப் பெயரில்தான் குடியேறியது. சட்டமறுப்புக் காலத்தில், 1932-இல் வந்த 'கர்மபூமி'யும் அதன் உருதுப் பெயரான 'மைதானே அமலு'ம் மட்டுமே ஒரே எடையுள்ளவை. அமலும் கர்மமும் அங்கே செயல் என்ற ஒரே பொருளில் சந்திக்கின்றன.

1936-இல் லக்னோவில் முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அவ்வாண்டு வெளிவந்த 'கோதான்' தலைப்பில் இல்லமும் இல்லை, ஆசிரமமும் இல்லை. 'பிரேமாசிரம'த்தில் மனம் திருந்தி நிலவுரிமையைக் கைவிடும் ஜமீன்தார் இங்கே எவருமிலர். பசு ஒன்றுக்கு ஏங்கிய ஹோரி, கடனிலும் கூலியிலும் தேய்ந்து மடிகிறான். பசுதானம் செய்யச் சொல்கிறார்கள்; மனைவி தனியா, கயிறு விற்ற 20 அணாவைப் புரோகிதர் கையில் வைக்கிறாள். ஒரு சடங்கின் பெயரைத் தலைப்பாக்கி, அச்சடங்கையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டார். மழை பொய்த்த ஆண்டில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிச் செல்லும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி உழவனுக்கு இத்தலைப்பை விளக்க உரையாசிரியர் வேண்டா.

அக்டோபர் 8-இல் பிரேம்சந்த் மறைந்தார். அதன் பின் வெளியான உருதுப் பதிப்பும் 'கவ்தான்' என்றே வந்தது. அரபிலோ பாரசீகத்திலோ அதற்கு வேறு பெயர் சூட்டப்படவில்லை.