குழாய்ப் பொறியாளரும் ஓரியன் மேகமும்

ஓரியன் நெபுலா எப்படி இருக்கும் என்பதற்கு 1880 வரைக்கும் பென்சில்தான் சாட்சி. ஜான் ஹெர்ஷல் வரைந்ததையும் ராஸ் பிரபுவின் ராட்சதத் தொலைநோக்கி வழியாக வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க, ரெண்டும் ஒரே பொருள் என்று நம்புவதே கஷ்டம். மேகம் மாறிவிட்டதா, இல்லை வரைந்தவரின் கண்தான் வேறயா? வானியலாளர்கள் வருஷக்கணக்கில் இதை வாதாடினார்கள்.

1880 செப்டம்பர் 30 அன்று, நியூயார்க் பக்கம் ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் தகட்டைத் திறந்துவைத்து அதை முதன்முதலாகப் படம்பிடித்தார். மருத்துவம் படித்தவர். இரண்டே வருஷத்தில் இறந்துபோனார்.

அவரைத் தாண்டியவர் லண்டன் ஈலிங்கில் இருந்த ஆண்ட்ரூ காமன். கட்டடங்களுக்குக் குழாய், கழிவுநீர் ஏற்பாடுகள் செய்துதரும் பொறியாளர். வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி. எனக்கு இவரைப் பிடிப்பதற்குக் காரணம், சிக்கல் எங்கே இருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்ததுதான். பழைய ஈரத் தகடு பத்துப் பதினைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். ஜெலட்டின் உலர் தகடு வந்ததும் அந்தத் தொல்லை போனது. மிச்சம் இருந்தது பூமியின் சுழற்சி. நட்சத்திரம் நகர நகர, அவ்வளவு கனமான தொலைநோக்கியும் குலுங்காமல் கூடவே திரும்பணும். கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலும் புள்ளி கோடாகிவிடும். காமன் உராய்வைக் குறைக்க, சுழல் அச்சைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார்! இன்றைக்கும் மொட்டைமாடியில் கேமராவோடு நிற்கும் ஆட்களைக் கேளுங்க, தொலைநோக்கியைவிட அதைத் திருப்பும் மவுண்ட்டைப் பற்றித்தான் அதிகம் புலம்புவார்கள்.

1883இல் அவர் எடுத்த படத்தில், அதே தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் இருந்தன. கண் ஒளியைச் சேர்த்துவைக்காது, தகடு சேர்க்கும். அதுவரை தகடு என்பது கண்ணுக்கு நகல். அன்றிலிருந்து கண்தான் பின்னால் நின்றது. அடுத்த வருஷம் அரச வானியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது.

அப்புறம் அந்தத் தொலைநோக்கியை எட்வர்ட் கிராஸ்லி என்ற கம்பள ஆலைக்காரருக்கு விற்றார். அவர் 1895இல் கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்துக்குத் தானமாகக் கொடுத்தார். இன்றுவரை அதன் பெயர் ‘கிராஸ்லி’. வடிவமைத்தவர் பெயர் போய் வாங்கியவர் பெயர் ஒட்டிக்கொண்டது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

அங்கே 1898 முதல் ஜேம்ஸ் கீலர் அதில் படமெடுத்தார். குறிவைத்த பொருளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன நெபுலாக்கள் கூப்பிடாமலே வந்து விழுந்தன. நிறைய சுருள் வடிவம். வானம் முழுக்க 120,000 இருக்கும் என்று கணக்குப் போட்டார். அந்தச் சுருள்கள் தனித்தனி கேலக்ஸிகள் என்பது உறுதியானது 1920களில். காமன் 1903லேயே போய்விட்டார்.