ஒலி எழுப்பாத அளவி

1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா சோதித்த ‘காசில் பிராவோ’ ஹைட்ரஜன் குண்டு 15 மெகாடன் ஆற்றலுடன் வெடித்து, அதன் கதிரியக்கச் சாம்பல் ரோங்கெலாப் தீவு மக்கள் மீதும் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றில் இருந்த 23 பேர் மீதும் படிந்தபோது, வெடிப்பின் நெருப்பு எட்டாத தொலைவிலும் குண்டு உயிர்பறிக்கும் என்பது உலகுக்குத் தெரிந்தது. இந்த அச்சத்தின் விளைவாகவே அமெரிக்கக் குடிமைப் பாதுகாப்புத் துறை மஞ்சள் நிறக் கதிர்வீச்சு அளவிகளைப் பெருமளவில் வாங்கி நாடெங்கும் வழங்கியது.

அவற்றுள் பலரும் அறிந்தது ‘சி.டி. வி-700’ என்னும் கைகர் எண்ணியாகும். வாயு நிரம்பிய அதன் குழலுக்குள் கதிர் நுழையும்போதெல்லாம் மின்துடிப்பு ஒன்று பிறந்து, காதொலிப்பானில் ‘டிக்’ என்று கேட்கும். ஆயினும் அதன் உச்ச அளவு மணிக்கு 50 மில்லிராண்ட்ஜன் மட்டுமே. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் குழல் மீள்வதற்குச் சிறிது நேரம் தேவைப்படுவதால், கடுங்கதிர்வீச்சில் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து முள் சுழிக்கே இறங்கிவிடக்கூடும். மிகுந்த ஆபத்தான இடத்தைப் பாதுகாப்பானதாகக் காட்டும் இக்குறையைவிடக் கொடியது ஓர் அளவிக்கு வேறில்லை.

ஆகவே போர்க்காலத்துக்கென உருவானது ‘சி.டி. வி-715’. இதன் அயனிக் கலம், காற்று அடைக்கப்பட்ட உலோகப் பெட்டியே. கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்க, மின்னழுத்தம் அவ்வாறு உண்டான மின்னூட்டங்களை இருபுறமும் இழுத்து, கதிர்வீச்சின் வலிமைக்கு ஏற்ற மின்னோட்டமாக்குகிறது. மணிக்கு ஒரு ராண்ட்ஜன் அளவில் அது ஆம்பியரில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கை ஒட்டியதே. காப்புப் பொருளில் படியும் சிறு ஈரம்கூட அதைக் கசியச் செய்து அளவீட்டைக் கெடுத்துவிடும். அத்தகைய நுண்ணிய ஓட்டத்தைத் தனிவகை வெற்றிடக் குழல் ஒன்று முள்ளை நகர்த்தும் அளவுக்குப் பெருக்கிய திறம் வியப்புக்குரியது. நான்கு வீச்சுகளில், மணிக்கு 500 ராண்ட்ஜன் வரை இக்கருவி அளக்கும். சில நாட்களுக்குள் சுமார் 450 ராண்ட்ஜன் உடலில் ஏறினால் ஏறக்குறைய பாதிப்பேர் இறப்பர் என்பதோடு ஒப்பிட்டால் அந்த எண்ணின் கொடுமை விளங்கும்.

பழம்பொருளாக இன்று இதை வாங்குவோர், முள் அசையாததைக் கண்டு பழுதென்றோ, கதிர்வீச்சே இல்லையென்றோ கருதுவது தவறாகும். அதன் மிக நுண்ணிய வீச்சின் எல்லையே வி-700 காட்டும் உச்சத்தைப்போல் பத்து மடங்காதலால், அன்றாடச் சூழலில் அது சுழியைத்தான் காட்டும்.

இதன் மாற்றுவடிவமான ‘வி-717’-இல் அயனிக் கலத்தைத் தனியே கழற்றி, 25 அடி நீளக் கம்பிவடத்தின் முனையில் வெளியே வைத்துவிட்டுக் காப்பறைக்குள்ளிருந்தே முள்ளைப் படிக்க முடிந்தது. வெடிப்புக்குப் பின் காலம் ஏழு மடங்காகும்போது கதிர்வீச்சு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறையும் என்ற விதிப்படி, முதல் மணியில் 500 எனப் பதிவானது ஏழாம் மணியில் 50 ஆகவும், இரண்டு நாட்களில் 5 ஆகவும் இறங்கும். காப்பறையிலிருந்து எப்போது வெளியேறலாம் என்பதை அந்த இறக்கத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது.