கூரை போய் கான்கிரீட் வந்த பிறகு

நம் வயதுக்காரர்களுக்குக் கூரை வீட்டுத் தீ மறந்திருக்காது. பங்குனி, சித்திரை வந்தாலே பயம்தான். ஒரு வீட்டில் பற்றினால் காற்று வாட்டத்தில் தெருவே போய்விடும். ஆண்கள் பக்கத்துக் கூரையில் ஏறிக் கீற்றைப் பிரித்துப் போடுவார்கள். மற்றக் கூரைகளின் மேல் ஈரச் சாக்கை விரிப்பார்கள். நெல்லும் துணிமணியும் போகும். ஆனால் பகலில் பற்றினால் பெரும்பாலும் ஆட்கள் வாசல் வழியே ஓடித் தப்பிவிடுவார்கள்.

கூரை மெல்ல மெல்லப் போனது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. சென்னையில் அடுக்குமாடிகள் எழுந்தன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்ட பிறகு, பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது. இனித் தீப் பயம் இல்லை என்று நாமும் நிம்மதியானோம்.

கான்கிரீட் எரியாதுதான். உள்ளே இருப்பவை எரியுமே! அந்நாளில் மரப் பெஞ்சு, கயிற்றுக் கட்டில், இலவம்பஞ்சு மெத்தை. இன்று ஃபோம் சோபா, ஃபோம் மெத்தை, பாலியஸ்டர் திரை, பிளாஸ்டிக் சாமான்கள். அமெரிக்காவில் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனத்தார் இரண்டு விதமாக அறைகளை அமைத்துக் கொளுத்திப் பார்த்தார்கள். பழைய கால சாமான்கள் இருந்த அறை முழுதும் தீப்பற்ற 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. இந்தக் கால சாமான்கள் இருந்த அறைக்கு 5 நிமிடம்கூட ஆகவில்லை. வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கீற்று பொத்துக்கொண்டு புகையை மேலே விட்டது. கான்கிரீட் தளம் அதை உள்ளேயே அடைத்து வைக்கிறது. ஃபோம் எரியும் புகை நஞ்சு. தீ நெருங்கும் முன்பே ஆளைச் சாய்த்துவிடும். தீயணைப்பு வீரருக்கும் சங்கடம்தான். காற்றில்லாமல் புழுங்கிக் கிடக்கும் அறையின் கதவைத் திறந்ததும், காற்றுப் புகுந்து தீ குப்பென்று அவர் மேலேயே பாயலாம்.

திருடனுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் கம்பி போட்டோம். அதே கம்பி நம்மையும் உள்ளே பூட்டுகிறது; அதை வெளியிலிருந்து அறுக்க நேரமாகும். நான் பார்த்த பல குடியிருப்புகளில் மாடிப்படிக்குக் கீழே மின்சார மீட்டர்கள், அவற்றை ஒட்டியே ஸ்கூட்டர்கள். இறங்க இருப்பதோ அந்த ஒரே வழி.

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கும் நாம் இவற்றையாவது இன்றே பார்த்துவிடுவோம். படுக்கையறை ஜன்னல் கம்பி ஒன்றாவது உள்ளிருந்து திறக்கிறதா? இரவில் பூட்டுச் சாவி இருட்டிலும் கைக்கு எட்டுகிறதா? படிக்கட்டு காலியாக இருக்கிறதா? தீயணைப்பு வண்டி தெருவுக்குள் நுழையுமா? வெளியேறும்போது எரியும் அறையின் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். தீயும் புகையும் பரவுவது தாமதப்படும். புகை சூழ்ந்தால் நிமிராமல் தவழ்ந்து வாருங்கள். வெளியே வந்த பிறகு 101 அல்லது 112-ஐ அழையுங்கள். நகைக்காகவோ பத்திரத்துக்காகவோ திரும்ப உள்ளே போக வேண்டாம்.