மேடும் பள்ளமும்

ஒரு நாட்டில் பிறந்த நாடகம் வேறொரு நாட்டிற்குக் குடிபெயரும்போது எதனை உடன்கொண்டு செல்கிறது? எதனை விட்டுச் செல்கிறது? இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று. பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தை ‘அமலாதித்யன்’ என்று தமிழ் மேடைக்குக் கொணர்ந்தார். டென்மார்க்கு நாட்டு இளவரசன் தமிழ் பேசினான். அவனுடைய துயரம் நம்மவர் துயரமாயிற்று. அவ்வாறே எல்லை கடந்து சென்ற ருஷ்ய நாடகம் ஒன்றின் வரலாற்றை மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மாக்சிம் கார்க்கி எழுதிய அந்நாடகம் 1902 டிசம்பரில் மாஸ்கோ கலை அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. ‘அடியாழத்தில்’ என்பது அதன் பெயரின் பொருள். நிலவறை போன்ற ஒரு மலிவு விடுதியில் திருடன், சூதாடி, குடியால் கெட்ட நடிகன், சாகக் கிடக்கும் மனைவியையுடைய தொழிலாளி ஆகியோர் ஒண்டிக் கிடக்கின்றனர். லூக்கா என்னும் முதியவர் ஒருவர் வழிப்போக்கராக அங்கே வருகிறார். சாகின்றவளுக்கு மறுமையில் அமைதி உண்டு என்கிறார். குடிகார நடிகனிடம், குடியை மாற்றும் இலவச மருத்துவமனை ஒன்று உண்டு என்கிறார். பிறகு ஒருநாள் சொல்லாமற் போய்விடுகிறார். நம்பிக்கை இழந்த நடிகன் தூக்கிட்டுக்கொள்கிறான். ஆறுதல் தரும் பொய் நல்லதா, சுடுகின்ற உண்மை நல்லதா? இதுவே கார்க்கி எழுப்பிய வினா.

இந்நாடகத்தை 1936இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரென்வார் படமாக்கினார். ஜப்பானியர் அகிரா குரோசாவா 1957இல் ‘டொன்சோக்கோ’ என்னும் பெயரில் படமாக்கினார். குரோசாவா நாடகத்தின் கட்டுக்கோப்பை ஏறத்தாழ அப்படியே கொண்டார். மண்ணை மட்டும் மாற்றினார். ருஷ்ய விடுதி, எடோ காலத்து ஜப்பானின் இடிந்த குடிசையாயிற்று. லூக்கா ஒரு யாத்திரிகரானார். படத்தின் தொடக்கத்தில் மேட்டிலிருந்து சிலர் குப்பையைப் பள்ளத்தில் கொட்டுகின்றனர். கீழே மனிதர் வாழ்கின்றனர் என்னும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. நூறு பக்கம் எழுதி விளக்க வேண்டியதை அந்த ஒரு காட்சி விளக்கிவிடுகிறது.

குரோசாவாவுக்குப் பதினோர் ஆண்டுகள் முன்னரே இதே நாடகத்தால் தூண்டப்பெற்ற படம் ஒன்று நம் நாட்டில் தோன்றியது. அது சேத்தன் ஆனந்த் இயக்கிய ‘நீசா நகர்’. தாழ்ந்த நகரம் என்பது பொருள். பண்டிட் ரவிசங்கர் இசையமைத்தார். 1946இல் கான் நகரில் நடந்த முதல் திரைப்பட விழாவில் பெரும்பரிசு பெற்ற படங்களுள் இதுவும் ஒன்று. நாடு விடுதலை பெறுவதற்கு முந்திய ஆண்டு அது.

இப்படத்தில் நாடகத்தின் கதை இல்லை, கருவே இருக்கிறது. மேட்டில் வாழும் செல்வர் ஒருவர் தம் நிலத்தை விலைக்கு உரியதாக்கக் கழிவுநீரைக் கீழ்ப்பகுதிக்குத் திருப்பிவிடுகிறார். அங்குள்ளோர்க்கு நல்ல நீரும் நின்றுபோகிறது. நோய் பரவுகிறது. அவரே மருத்துவமனையும் அளிக்க முன்வருகிறார். நோயுற்ற ரூபா என்னும் பெண் அதனை ஏற்க மறுத்து உயிர் விடுகிறாள். கார்க்கியின் நாடகத்தில் மருத்துவமனை கிட்டாத கனவு. இங்கோ நோயைத் தந்த கையே நீட்டும் மருந்து.

நான் பந்தல்குடிக்காரன். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் சுற்றிலுமுள்ள வானம் பார்த்த பூமியில் நீர்தான் செல்வம். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அன்றோ கீழ்க் கண்மாய்க்கு நீர் வரும்! மேட்டில் இருப்பவன் கை பள்ளத்தில் இருப்பவன் வாழ்வை எட்டும் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். ஆதலின் ருஷ்ய நாடகத்தின் துயரத்தை நம் நாட்டுக் கலைஞர்கள் நீரின் வழக்காக மாற்றியது எனக்குச் சிறிதும் வியப்பளிக்கவில்லை. வறுமை எங்கும் ஒன்றே. ஆயின் அது வந்து சேரும் வாய்க்கால் நாட்டுக்கு நாடு வேறு.

எனினும் ஒன்று சொல்ல வேண்டும். ‘நீசா நகர்’ தீமையை ஒரு மனிதர்மேல் ஏற்றிவிடுகிறது. அவர் வீழ்ந்தால் வழக்குத் தீர்ந்தது போலத் தோன்றுகிறது. குரோசாவாவின் பள்ளத்திலோ விடுதிக்காரனே இறந்தபோதும் எவர் வாழ்வும் உயரவில்லை. எஞ்சியவர் குடித்துப் பாடி ஆடுகின்றனர். நடிகன் இறந்த செய்தி வந்ததும் பாட்டு நின்றுவிடுகிறது. முன்னது போராடச் சொல்கிறது. பின்னது எளிதில் ஆறுதல் கொள்ளாதே என்கிறது. இவ்விரண்டும் நமக்கு வேண்டும். முன்னதை மட்டும் கற்றவன் ஒரு வெற்றியோடு ஓய்ந்துவிடுவான். பின்னதை மட்டும் கற்றவன் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவான்.

மூல நூலின் சொல்லைக் காப்பது ஒருவகை நேர்மை. அதன் வினாவைத் தன் மண்ணில் மீண்டும் எழுப்புவது மற்றொரு வகை நேர்மை. பிறநாட்டு நூலைப் படிக்கும்போது அதன் கதையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது போதாது. இந்தப் பள்ளம் நம் ஊரில் எங்கே இருக்கிறது, அதில் குப்பை கொட்டும் கை யாருடையது என்று கேளுங்கள். அக்கை சில வேளைகளில் நம்முடையதாகவும் இருக்கக்கூடும்.